முன்னிறந்தகாலம்: ஜவ்வாது மலைக் கதையும் ஸ்பானிய இலக்கணமும்

முன்னிறந்தகாலம் என்பது, நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சிக்கும் முன்பாகவே நடந்து முடிந்துவிட்ட வேறொரு நிகழ்ச்சியைக் குறிக்கும் வினைவடிவம் ஆகும். 'நான் போய்ச் சேர்ந்தபோது பேருந்து கிளம்பியிருந்தது' என்ற வாக்கியத்தில் இரண்டு செயல்களும் இறந்தகாலத்தைச் சேர்ந்தவை. ஆனால் பேருந்து கிளம்பியது முந்தியது. நான் சேர்ந்தது பிந்தியது. இந்த முன்பின்னைக் 'கிளம்பியிருந்தது' என்ற வடிவம் காட்டிவிடுகிறது. நம் பள்ளிகளின் ஆங்கில வகுப்பில் 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். ஸ்பானிய மொழியில் இதன் பெயர் 'ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ'. தமிழ் மரபிலக்கணத்தில் இதற்கெனத் தனிப்பெயர் கிடையாது. முன்னிறந்தகாலம் என்ற சொல்லை இக்கட்டுரை வசதி கருதியே கையாளுகிறது.

பெயர் இல்லாததால் பொருளும் தமிழில் இல்லை என்று கருதிவிடக் கூடாது. இறந்தகாலத்துக்குள் எது முந்தியது, எது பிந்தியது என்பதைத் தமிழர்கள் எப்போதும் சொல்லியே வந்திருக்கிறார்கள். சொன்ன வழிகள்தாம் காலந்தோறும் மாறின. வரலாறு படிப்பவர்களுக்கு இந்த வழிகள் தெரிந்திருப்பது அவசியம். ஏனென்றால், நிகழ்ச்சிகளின் முன்பின் மாறினால் வரலாறே மாறிவிடும். இதற்கு ஜவ்வாது மலையில் வழங்கிவந்த ஒரு கதையைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

ஏழு பேரும் ஏழு நாய்களும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்றைய திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் இதன் முக்கிய ஊர். சாமை விளையும் இந்த மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்பவர்கள் என்பதால் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்.

இம்மக்களின் பூர்வீகம் பற்றிய ஒரு கதை ஆங்கிலேயர் காலத்து வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாயிற்று. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் அது எடுத்தாளப்பட்டது. கதையின் சுருக்கம் இது.

சக ஆண்டு 1055இல், அதாவது கி.பி. 1133ஐ ஒட்டி, கங்குந்தி என்ற இடத்து வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் இகழ்ந்து மறுத்தார்கள். கோபம்கொண்ட வேடர்கள் ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். அவர்களை மீட்க ஏழு வேளாள ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். புறப்படும்போது மனைவியரிடம் ஒரு சொல் சொல்லிவைத்தார்கள்: நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் மாண்டுபோனோம் என்று கொண்டு, செய்ய வேண்டிய சடங்குகளைச் செய்துவிடுங்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் பாடுபட்டு நீந்திக் கரையேறினார்கள். நாய்களோ பாதி ஆறு நீந்திவிட்டு, முடியாமல் திரும்பிக் காஞ்சிக்கே போய்விட்டன. ஆண்கள் வழிநடந்து சென்று வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பினார்கள். திரும்பியபோது அவர்களுக்குக் கருமாதி முடிந்திருந்தது. மனைவியர் கைம்பெண்கள் ஆகியிருந்தார்கள். செத்தவர்களாகக் கணக்கு முடிக்கப்பட்டவர்களுக்கு ஊரிலும் குலத்திலும் இடமில்லை. ஆகவே அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலைக்கு ஏறிப் பயிர்த்தொழில் செய்து, இன்றைய மலையாளிகளின் முன்னோர் ஆனார்கள்.

இதை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. குடிபெயர்ந்த பல சமூகங்கள் தம் தொடக்கத்தைக் காஞ்சிபுரத்தில் வைத்துச் சொல்வதுண்டு. சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை மலையாளிகளிடம் அண்ணன் தம்பி மூவரைப் பற்றிய வேறொரு காஞ்சிக் கதை இருக்கிறது. சக ஆண்டைத் துல்லியமாகச் சொல்வதும் பிற்காலத்து வழக்கமாக இருக்கக்கூடும். கதையின் உண்மையை விட்டுவிட்டு அதன் எலும்புக்கூட்டைப் பார்ப்போம்.

இக்கதையில் வெள்ளம் உண்டு, சண்டை உண்டு, கடத்தல் உண்டு. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது இவற்றில் எதுவும் இல்லை. கருமாதி, ஆண்கள் திரும்பியதற்கு முன் நடந்ததா பின் நடந்ததா என்பதே தீர்மானிக்கிறது. ஏழு பேரும் ஒருநாள் முந்தித் திரும்பியிருந்தால் கதையே இல்லை. 'அவர்கள் திரும்பினார்கள்; கருமாதி நடந்தது' என்று இரண்டு இறந்தகால வினைகளை அப்படியே அடுக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். திரும்பி வந்து இறந்தார்கள் போலிருக்கிறது என்றுதான் கேட்பவர் நினைப்பார். ஒரு சமூகம் தான் ஏன் சமவெளியை விட்டு மலையில் வாழ்கிறது என்பதற்குச் சொல்லும் காரணம், இலக்கணத்தில் முன்னிறந்தகாலம் என்ற ஒற்றை ஆணியில் தொங்குகிறது.

கையேட்டின் ஆங்கிலப் பதிவு இந்த இடத்தில் 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' வடிவத்தைப் பயன்படுத்துகிறது. மலையில் கதை சொன்னவர் தமிழில் சொல்லியிருப்பார். அவருடைய சொற்கள் நமக்கு எஞ்சவில்லை. அதிகாரியின் ஆங்கிலம்தான் எஞ்சியது. தமிழில் அந்த இடத்தைப் பொதுவாக எப்படிச் சொல்வார்கள் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முடிந்ததற்கும் மேல் முடிந்தது

'ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ' என்ற நீளமான பெயர் லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்தது. 'முடிந்ததைக் காட்டிலும் அதிகமாக முடிந்தது' என்பது அதன் நேர்ப்பொருள். அந்தோனியோ தே நெப்ரிஹா 1492இல் ஸ்பானிய மொழிக்கு இலக்கணம் எழுதி அச்சிட்டார். ஐரோப்பாவின் பேச்சுமொழி ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் அதுவே. அதில் அவர் லத்தீன் பெயரை அப்படியே வைக்காமல், 'பசாதோ மாஸ் கே அகபாதோ' என்று தம் மொழியிலேயே பெயரிட்டார். 'முடிந்ததைவிட முடிந்த இறந்தகாலம்' என்று பொருள். கலைச்சொல்லைச் சொந்த மொழியில் ஆக்கிக்கொள்ளும் துணிவு அவருக்கு இருந்தது. நாம் இன்னும் 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்றைய ஸ்பானியத்தில் இக்காலம் அமைவது எளிது. 'அபேர்' என்ற துணைவினையின் இறந்தகால வடிவத்தை முதலில் வைத்து, அதனை அடுத்து முதன்மை வினையின் எச்ச வடிவத்தை வைக்க வேண்டும். துணைவினை எழுவாய்க்கு ஏற்ப மாறும்: நான் என்றால் அபீயா, நீ என்றால் அபீயாஸ், அவன் அவள் அது என்றால் மீண்டும் அபீயா, நாம் என்றால் அபீயாமோஸ், நீங்கள் என்றால் அபீயாய்ஸ், அவர்கள் என்றால் அபீயான். எச்ச வடிவம் மாறாது. 'ஆர்' என்று முடியும் வினைகளுக்கு 'ஆதோ', 'ஏர்', 'ஈர்' என்று முடிபவற்றுக்கு 'இதோ'. ஆக, அப்லார் (பேசு) என்பதிலிருந்து அபீயா அப்லாதோ (பேசியிருந்தேன், பேசியிருந்தான்). கொமேர் (உண்) என்பதிலிருந்து அபீயான் கொமிதோ (உண்டிருந்தார்கள்). விதிக்கு அடங்காத எச்சங்கள் சில உண்டு. எச்சோ (செய்து), தீச்சோ (சொல்லி), வீஸ்தோ (கண்டு), எஸ்க்ரீதோ (எழுதி), முயெர்தோ (இறந்து) முதலியவற்றை மனப்பாடம் செய்துகொள்வதைத் தவிர வழியில்லை. அன்றாடம் அதிகம் புழங்கும் சொற்களே விதிக்கு அடங்காமல் நிற்பது எல்லா மொழிகளிலும் உள்ளதுதான். தமிழில் வா, தா என்பவை வந்து, தந்து என ஆவதையும் நாம் இப்படித்தான் கற்றோம்.

அபேர் என்ற இந்தத் துணைவினைக்கு ஒரு பழங்கதை இருக்கிறது. லத்தீனில் அதற்கு 'உடைமையாகக் கொண்டிரு' என்பது பொருள். 'எழுதப்பட்ட கடிதங்களை நான் வைத்திருக்கிறேன்' என்பது போன்ற வாக்கியங்களிலிருந்து, 'கடிதங்களை எழுதி முடித்திருக்கிறேன்' என்ற பொருள் மெல்ல வளர்ந்தது. இடைக்கால ஸ்பானியத்தில் எச்ச வடிவம் செயப்படுபொருளோடு பாலும் எண்ணும் ஒத்து மாறுவதும் உண்டு. கடிதங்கள் பன்மை என்றால் எச்சமும் பன்மை. உடைமைப் பொருள் முற்றிலும் தேய்ந்த பிறகுதான் எச்சம் மாறாத ஒற்றை வடிவமாக உறைந்தது.

தமிழ் மாணவரைத் தூக்கிவாரிப் போடும் செய்தி இனிமேல்தான். அக்காலத்து ஸ்பானியத்தில் வருதல், போதல், பிறத்தல், இறத்தல் போன்ற வினைகளுக்கு அபேர் வராது. 'இரு' என்று பொருள்படும் 'செர்' என்ற வினையே துணையாக வரும். 'ஏரா வெனீதோ' என்றால் சொல்லுக்குச் சொல் 'வந்து இருந்தான்'. நம் வந்திருந்தான் என்பதன் கூட்டே அங்கும் இருந்தது! 17ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த வழக்கு ஒழிந்து, எல்லா வினைகளுக்கும் அபேர் ஒன்றே துணை என்றாயிற்று.

இதற்கெல்லாம் முன்பு லத்தீனில் துணைவினையே இல்லாத ஒற்றைச் சொல் வடிவமும் உண்டு. அமாவேராம் என்றால் 'நான் நேசித்திருந்தேன்'. அது தேய்ந்து ஸ்பானியத்தில் அமாரா ஆனது. இடைக்காலத்தில் இது முன்னிறந்தகாலப் பொருளிலேயே வழங்கியது. பிறகு நிபந்தனை வாக்கியங்களில் அதிகம் புழங்கி, 'நேசித்தால்', 'நேசித்திருந்தால்' என்ற நடவாத நிகழ்ச்சியைக் குறிக்கும் வடிவமாக இடம் மாறிவிட்டது. அண்டை மொழியான போர்த்துக்கீசியம் மட்டும் பழைய பொருளை எழுத்து வழக்கில் இன்றும் காத்துவருகிறது. இந்த இடமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு.

தொல்காப்பியர் வகுத்த வழி

தொல்காப்பிய வினையியல் காலம் மூன்று என்கிறது: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். நன்னூலும் அதையே பின்பற்றி, இறந்தகாலம் காட்டும் இடைநிலைகளைச் சொல்கிறது. இறந்தகாலத்துக்குள் உட்பிரிவு எதையும் இரண்டும் வகுக்கவில்லை. அப்படியானால் முன்பின்னை எப்படிக் காட்டினார்கள்? விடை முற்றுவினையில் இல்லை, வினையெச்சத்தில் இருக்கிறது.

தொல்காப்பியம் செய்து, செய்யூ, செய்பு, செய்தென முதலாக ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைக் கூறுகிறது. இவற்றில் முதல் மூன்றும் தமக்குரிய வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும். 'முருகன் ஏரிக்குப் போய் மீன் பிடித்தான்' என்றால் போனவனும் பிடித்தவனும் ஒருவனே, போனது முந்தியது. வினைமுதல் வேறானால் செய்தென போன்ற வாய்பாடுகள் கைகொடுக்கும். 'மழை பெய்தெனச் சாமை முளைத்தது' என்றால் பெய்தது மழை, முளைத்தது சாமை, பெய்தது முந்தியது. ஆங்கிலமோ ஸ்பானியமோ இரண்டு முற்றுவினைகளை வைத்து, ஒன்றுக்குச் சிறப்புக் காலம் கொடுத்துச் சொல்வதை, பழந்தமிழ் ஒரே முற்று, அதற்கு முன் எச்சங்களின் வரிசை என்ற அமைப்பால் சொல்லிவிட்டது. எச்சம் முன்னால் நிற்கும், செயலும் முன்னால் நடக்கும். இத்தனை நேர்த்தியான ஏற்பாடு இருக்கும்போது நான்காவது காலத்துக்குப் பெயர் வைக்கும் தேவை இலக்கணிகளுக்கு எழவில்லை என்பதே என் கருத்து. அதைக் குறை என்று சொல்வது, ஏணி வைத்திருப்பவனைப் பார்த்து உனக்குப் படிக்கட்டு இல்லையே என்று இரங்குவதைப் போன்றது.

நடுகல்லில் முன்பின்

இந்த அமைப்பு ஏட்டில் மட்டும் இருக்கவில்லை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் செய்யாறு செங்கத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அந்தச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுப்பை வெளியிட்டது. ஆநிரை கவர்ந்தோரும் மீட்டோரும் இறந்துபட்ட இடங்களில் நட்ட கற்கள் இவை. பலவும் பல்லவர் காலத்தவை. எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து.

இக்கற்களின் வாசகம் ஒரு வாய்பாட்டில் ஓடும். முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்து, இன்னார் தொறுக் கொண்ட ஞான்று என்ற செய்தி. தொறு என்றால் மாட்டு மந்தை, ஞான்று என்றால் பொழுது. கடைசியில் இன்னான் தொறு மீட்டுப் பட்டான் கல் என்ற முடிவு. பட்டான் என்றால் போரில் விழுந்தான். முற்றுவினை ஒன்றே ஒன்றுதான்: பட்டான். மந்தை கவரப்பட்டது பெயரெச்சமாக, 'கொண்ட' என்று நிற்கிறது. மீட்டது வினையெச்சமாக, 'மீட்டு' என்று நிற்கிறது. கவர்ந்தது முதலில், மீட்டது அடுத்து, விழுந்தது கடைசியில். மூன்று நிகழ்ச்சிகளின் வரிசை, கல்லின் சிறிய பரப்பில், ஒரு சொல்லும் வீணாகாமல் அடங்கிவிட்டது. ஸ்பானியத்திலோ ஆங்கிலத்திலோ இதைப் பெயர்ப்பவர் ஓரிடத்திலேனும் முன்னிறந்தகாலத்தை நாட வேண்டிவரும்.

இங்கே எச்சத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 'தொறு மீட்டுப் பட்டான்' என்றால் அவன் ஊரைக் காத்தவன், கரந்தை வீரன். 'தொறுக் கொண்டு பட்டான்' என்றால் அவன் மாடு கவரப் போனவன், வெட்சி வீரன். இருவருக்கும் கல் நட்டிருக்கிறார்கள். கல் தேய்ந்து எச்சம் படிக்க முடியாமல் போனால், எஞ்சும் 'பட்டான்' என்ற முற்று அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதைச் சொல்லாது. இறப்பதற்கு முன் என்ன செய்தான் என்பதில்தான் அவனுடைய வரலாறு முழுவதும் இருக்கிறது.

இவ்வட்டாரக் கற்களில் எடுத்தனூர்க் கல் நம் பேச்சுக்கு மிகவும் வேண்டியது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளுக்காக நடந்த சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அந்த நாய் கள்ளரைக் கடித்துக் 'காத்திருந்தவாறு' என்று தனியே ஒரு வாசகம் பொறித்து அதற்கும் நிலைத்த பெயர் தந்திருக்கிறார்கள். காஞ்சிக் கதையின் ஏழு நாய்கள் ஆற்றின் பாதியில் திரும்பின. எடுத்தனூர் நாய் திரும்பவில்லை.

'காத்திருந்தவாறு' என்ற சொல்லைக் கவனியுங்கள். காத்து என்ற வினையெச்சம், அதன்மேல் இருந்த என்ற வடிவம். இன்றைய வந்திருந்தான், போயிருந்தான் என்பவற்றின் உறுப்புகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் பொருள் வேறு. இங்கே இரு என்பது தன் சொந்தப் பொருளை இழக்கவில்லை. நாய் காவல் காத்தபடி அங்கேயே இருந்தது. சங்கத் தமிழிலும் இரு பெரும்பாலும் தங்கு, அமர், வாழ் என்ற பொருள்களிலேயே வருகிறது. செயலைச் செய்து, அந்த நிலையிலேயே தங்குதல் என்ற இந்தப் பொருளிலிருந்துதான், செயல் முன்பே முடிந்து அதன் விளைவு நீடித்தது என்ற பிற்காலப் பொருள் கிளைத்தது. உடைமையிலிருந்து ஸ்பானியர் கண்ட வழியைத் தமிழர் இருத்தலிலிருந்து கண்டார்கள். மலையாளத்தின் வன்னிருன்னு, கன்னடத்தின் பந்தித்த என்பவையும் இதே வழியில் அமைந்தவை.

நாய் காவல் காத்தது வீரன் விழுவதற்கு முன்பா, விழுந்த பின்பா? அந்தச் சொல் அதைச் சொல்லவில்லை. எசமானின் உடலைக் காத்தது என்று உருகி எழுதுவோர் இதை மனத்தில் கொள்வது நல்லது.

பாதிரிமார் தேடிய காலம்

தமிழ் வினைக்கு முன்னிறந்தகாலம் உண்டா என்று முதலில் கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். ஸ்பெயினின் நவார்ரா நாட்டில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்தவர் போர்த்துக்கல்லின் வீலா விசோசாவில் பிறந்த என்றீக்கே என்றீக்கஸ். நம்மவர்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அறிவார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய பணி. அதற்கும் முன்பு, 1549 அளவிலேயே அவர் போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களில் கிடைத்திருப்பவற்றுள் பழையது அது.

லத்தீன் இலக்கணம் தெரிந்த வாசகரை மனத்தில் வைத்து எழுதிய நூல் ஆகையால், தமிழ் வினைகளை லத்தீன் வினைவாய்பாட்டின் கட்டங்களில் பொருத்திப் பார்ப்பதே அதன் போக்கு. அவருடைய தாய்மொழியில் முன்னிறந்தகாலத்துக்கு ஒற்றைச் சொல் வடிவம் உயிரோடு இருந்த காலம் அது. இத்தகையோர் தொல்காப்பியத்திலோ நன்னூலிலோ பயிற்சி பெற்று வந்தவர்கள் அல்லர். கடற்கரை ஊர்களில் மக்கள் பேசியதைக் காதால் கேட்டு எழுதினார்கள். அதனால் அவர்களுடைய இலக்கணங்களில் பிழைகளும் இருக்கும், மரபிலக்கணம் கண்டுகொள்ளாத பேச்சு வடிவங்களும் இருக்கும். இரண்டாவது காரணத்துக்காகவே அவை நமக்கு விலைமதிப்பற்றவை.

சீகன்பால்குவின் லத்தீன் வழித் தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில், இறந்தகால வினையெச்சத்தோடு இரு என்பதன் நிகழ்கால வடிவம் சேர்ந்தால் ஒரு காலம், இறந்தகால வடிவம் சேர்ந்தால் முன்னிறந்தகாலம் என்று அமைப்பைத் தெளிவாக விளக்கினார். செய்திருக்கிறேன், செய்திருந்தேன் என்ற இணை அன்றிலிருந்து மேலைநாட்டார் எழுதும் தமிழ் இலக்கணங்களில் நிலையான இடம் பிடித்தது. நம் பள்ளிப் புத்தகங்கள் இன்றும் இதைத் துணைவினை என்ற தலைப்பின் கீழ்த்தான் வைத்திருக்கின்றன. அதில் தவறில்லை.

இன்றைய தமிழில்

எழுத்துத் தமிழில் இந்த வடிவம் இப்போது இயல்பாகிவிட்டது. 'காவலூர் வானோக்கு நிலையத்தில் அவர்கள் கண்ட ஒளி, அந்த விண்மீனிலிருந்து பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்டிருந்தது' என்று தயங்காமல் எழுதுகிறோம். எதிர்மறை வேண்டுமானால் 'புறப்பட்டிருக்கவில்லை'. முடிந்துவிட்டது என்பதை அழுத்த வேண்டுமானால் 'புறப்பட்டுவிட்டிருந்தது'.

பேச்சில் நிலைமை வேறு. ஏழு பேர் கதையை நம் ஊர்ப் பாட்டி ஒருவர் சொல்வதாக எண்ணிப் பாருங்கள். 'கருமாதி முடிந்திருந்தது' என்று அவர் சொல்லமாட்டார். 'வந்து பார்த்தா, அதுக்குள்ள கருமாதி முடிஞ்சுபோச்சு' என்பார். 'முடிஞ்சுபோச்சு' வெறும் இறந்தகாலம்தான். 'வந்து பார்த்தா' என்ற இரண்டு சொற்கள், கேட்பவரை வந்தவரின் கண்ணுக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கின்றன. பார்த்தபோது கண்டது என்பதால் நடந்தது முந்தியது என்று தானே விளங்கிவிடுகிறது. 'அதுக்குள்ள' என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் செய்கிறது. கேள்விப்பட்ட கதை என்றால் 'முடிஞ்சுபோச்சாம்' என்று ஓர் 'ஆம்' சேரும். நான் பார்த்ததில்லை, சொல்லக் கேட்டது என்ற பொறுப்பையும் அது தாங்கும். மலை ஊர்களில் வாய்மொழிக் கதை சேகரிக்கும் மாணவர்கள் இந்த 'ஆம்' என்பதையும் 'வந்து பார்த்தா' என்பதையும் நீக்கிவிட்டு 'முடிந்திருந்தது' என்று திருத்தி எழுதுவதைப் பல கட்டுரைகளில் காண்கிறேன். சொன்னவர் சாட்சியல்லர் என்ற செய்தி அந்தத் திருத்தத்தில் காணாமல் போகிறது.

ஸ்பானியம் கற்கும் தமிழர்கள் செய்திருந்தான் என்பதைக் கண்ட இடத்திலெல்லாம் அபீயா என்று எழுதிவிடக் கூடாது. இரண்டு இடங்களில் கால் வழுக்கும். 'நேற்று உங்கள் அண்ணன் வந்திருந்தார்' என்கிறோம். இதில் வேறு நிகழ்ச்சி எதற்கும் முந்தியது என்ற பொருள் இல்லை. வந்தார், இருந்தார், போய்விட்டார், இப்போது இங்கே இல்லை என்பதே பொருள். ஸ்பானியத்தில் இதற்கு 'வீனோ' (வந்தார்) என்ற சாதாரண இறந்தகாலமே போதும். 'திண்ணையில் உட்கார்ந்திருந்தார்' என்பதும் அப்படித்தான். உட்கார், நில், படு போன்ற வினைகளோடு இரு சேர்ந்தால் அந்த நிலையில் நீடித்தார் என்று பொருள். எடுத்தனூர் நாயின் இருத்தல் இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. ஸ்பானியர் இதை 'எஸ்தாபா செந்தாதோ' என்பார்கள், அபேர் வராது.

சரியாகப் பொருந்தும் இடத்துக்கு நம் கதையே எடுத்துக்காட்டு. 'அவர்கள் திரும்பியபோது குடும்பத்தார் கருமாதி செய்துமுடித்திருந்தார்கள்' என்பதை ஸ்பானியத்தில், 'குவாந்தோ வொல்வியேரோன், சுஸ் ஃபாமிலியாஸ் யா அபீயான் எச்சோ லோஸ் ஃபுனெராலெஸ்' எனலாம். அபீயான் குடும்பத்தாரைப் பார்த்துப் பன்மையாயிற்று. எச்சோ எதையும் பார்த்து மாறவில்லை. 'யா' என்பது நம் ஏற்கெனவே, அல்லது பாட்டியின் 'அதுக்குள்ள'. அபீயானுக்கும் எச்சோவுக்கும் நடுவே வேறு சொல்லை நுழைப்பதை ஸ்பானியர் தவிர்ப்பார்கள்.

முன்பு சொன்ன இடமாற்றம் நிபந்தனை வாக்கியத்தில் தெரியும். நடவாமல் போனதைச் சொல்லும்போது தமிழும் இதே இரு வடிவத்தைத்தான் எடுக்கிறது: 'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.' லத்தீனின் பழைய முன்னிறந்தகாலம் ஸ்பானியத்தில் நடவாததைக் குறிக்கப் போனது போலவே, நம் முன்னிறந்தகால உறுப்பும் அங்கே போய் நிற்கிறது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே திசையில் நடந்திருக்கின்றன. கைக்கு எட்டாத தொலைவில் போய்விட்ட இறந்தகாலமும் நடக்காமல் போனதும் மனத்துக்கு ஒரே தூரத்தில் தெரிகின்றன போலும்.

'அவர்களுக்குத் தெரிந்திருந்தால்' என்பதற்கு ஸ்பானியத்தில் 'சீ லோ உபியெரான் சபீதோ'. இந்த உபியெரான் என்பதே லத்தீனின் பழைய முன்னிறந்தகால வடிவத்தின் வழித்தோன்றல். தமிழிலோ, காஞ்சிக்குத் திரும்பிய அந்த நாய்களைப் பற்றிச் சொல்ல வரும்போது இரு என்பது இரண்டு முறை வந்து நிற்கிறது: நாய்கள் தனியே திரும்பாமல் இருந்திருந்தால், கருமாதி நடந்திருக்காது. முதல் இரு திரும்பாத நிலையைச் சொல்வது. இரண்டாவது இரு அந்த நிலை கடந்த காலத்தில் அமையாமல் போனதைச் சொல்வது.